தங்கை வாய் மூடிய கம்பி

அந்தக் காலத்தில் கம்பி பூட்டிய பெட்டிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் சேதி கடத்துகிற அப்படி மூன்று சுவிட்ச் பெட்டிகள் இருந்தன. கீழ்த்தளத்தில் மாசிலாமணி, பழசு, மெத்தனம். பிறக்கும்போதே முதுகில் அடித்த எண் ஏழு. ஆபரேஷன் தியேட்டர் இருந்த முதல் மாடியில் வடிவு, எண் முப்பத்தொன்று. இரத்தம் சோதிக்கிற இரண்டாம் மாடியில் அவள் தங்கை உலகம்மை, எண் நாற்பத்தெட்டு. அக்காளும் தங்கையும் ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் மாசிலாமணி வழியாகத்தான் போக வேண்டும்.

"மாமா பாதியிலேயே தூங்கிருதாரு அக்கா," என்பாள் உலகம்மை.

"அதையும் நான்தாம்ட்டி கொண்டுபோய்ச் சொல்லணும்," என்பார் மாசிலாமணி.

ஒரு நாள் வடிவு, கம்பி இழுக்கிற சூசையிடம் கெஞ்சினாள். "சூசையண்ணே, எனக்கும் அவளுக்கும் நேரா ஒரு கம்பி போடுங்க. கீழ ஒண்ணு அறுந்தாலும் ஆத்திர அவசரத்துக்கு ஆகும்லா?"

நல்லதுதானே என்று அவனும் மாட்டிவிட்டான்.

பெட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. போய்ச் சேர வேண்டிய இடம் இன்னதென்று தெரியாத கூப்பாடு ஒரு கம்பியில் வந்தால், மற்ற எல்லாக் கம்பியிலும் அதைச் சொல்லியாக வேண்டும். முன்பே கேட்டதுதானா என்று யோசிக்கிற பழக்கம் கிடையாது.

அன்று மத்தியானம் தியேட்டரிலிருந்து ஒரு கூப்பாடு வந்தது. "இரத்தம் பார்க்கிற மெஷின் எங்கே?" வடிவு இரண்டு கம்பியிலும் சொன்னாள். உலகம்மை அதை மாசிலாமணிக்குச் சொன்னாள், மாசிலாமணி உலகம்மைக்குச் சொன்னார். இரண்டு பேருமாக அதை வடிவிடமே கொண்டுவந்தார்கள். யாரோ புதிதாகக் கேட்கிறார்கள் என்று எண்ணி அவள் மறுபடியும் சொன்னாள். அந்தச் சொல்லுக்குச் சாவே இல்லை. அடுத்தடுத்து வந்த கூப்பாடுகளும் சேர்ந்துகொண்டு சுற்றின.

"நிறுத்துட்டி!"

"நீங்க நிறுத்துங்க மாமா!"

அதுவும் சுற்றியது.

தியேட்டர் மேசையில் பேச்சியம்மாள் என்கிற பிள்ளை பெற்றவள், இரத்தம் நிற்காமல் கிடந்தாள். எந்த வகை இரத்தம் ஏற்ற வேண்டும் என்கிற பதில் உலகம்மையிடம் தயாராக இருந்தது. அதை நுழைக்கத்தான் இடமில்லை. சூசை ஓடிவந்து புதுக் கம்பியைப் பிடுங்கினான். பதில் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாளின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"இத எடுத்தே போட்டுரட்டுமா?" என்றான் சூசை.

"வேண்டாம். நாளைக்கு ஏங் கம்பி அறுந்தா அப்பவும் ஒருத்தி சாவா. மாட்டு," என்றார் மாசிலாமணி. "எண் சின்னவன் தலைவன். அவங்கிட்ட வர ஆளுக்கு ஒரு வழி, கிட்டத்து வழி, அது மட்டும் போதும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள கம்பி இப்ப வேண்டாத கம்பி. அதுல எண் பெரியவ வாய மூடணும். காது தொறந்து கிடக்கட்டும்."

"தூங்குமூஞ்சி நீங்க தலைவரா?" என்றாள் உலகம்மை.

"எண்ணு சின்னது. வேற என்னட்டி இருக்கு எங்கிட்ட?"

"கம்பி கேட்டது நான். நானே மூடிக்கிடுதேன் மாமா," என்றாள் வடிவு.

"எண்ணு அப்படிச் சொல்லலியே, தாயி."

உலகம்மை வாயை மூடினாள். மாமா வழியாக அவர்கள் ஆஸ்பத்திரி வேலையைப் பேசினார்கள். வேறு எதுவும் பேசவில்லை. நேர்க் கம்பியில் மட்டும் இரண்டு நொடிக்கு ஒரு தரம் அக்காள் "இருக்கேன்" என்பாள். தங்கை கேட்டுக்கொள்வாள். பதில் சொல்ல மாட்டாள்.

அன்று முதல்தான், பெட்டிகளை வளையமாகப் பூட்டிய இடத்திலெல்லாம் ஒரு கம்பியின் ஒரு முனை வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. வேறு எங்காவது ஒரு கம்பி செத்தால்தான் அதற்குப் பேச்சு வருகிறது.