டாக்டர் கேட்ட கேள்வி

பெரிய டாக்டர் சந்தானகிருஷ்ணனின் ஆபரேஷன் தியேட்டரில் அவர் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாசிலாமணி அன்று ஒன்றைக் கவனித்துவிட்டான். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்த பொன்னுரங்கம் பசி தாங்காமல் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருந்தார். நிறைந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால் உயிரே போகலாம். மாசிலாமணி இதை நர்ஸிடம் சொன்னான்.

"பெரிய டாக்டர்கிட்ட யாருப்பா பேசறது?" என்று அவள் பின்வாங்கினாள்.

மாசிலாமணி, பொன்னுரங்கம் சாப்பிட்டு முடித்த காலித் தூக்குவாளியை அவர் வயிற்றின் மேலேயே வைத்து ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவந்தான்.

"என்னய்யா இது?" என்று டாக்டர் கத்தினார்.

"கேட்டுட்டீங்க, இனிமே பேசலாங்களா ஐயா? காலையில இது நிறையப் பொங்கல் இருந்துச்சு. இப்ப அவரு வயித்துல இருக்குதுங்க."

டாக்டர் அன்றைய ஆபரேஷனை நிறுத்தினார். மறுநாள் அது நல்லபடியாக முடிந்தது, பொன்னுரங்கம் பிழைத்தார். அதிலிருந்து கத்தியை எடுக்குமுன், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டரே கேட்பார். முதல் தடவை கேட்டபோது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.