பெயர் எழுதாத பத்து வீடுகள்

சீடன் என்றால் குருவைவிட வயதில் இளையவன் என்றொரு கருத்து நாடெங்கும் பரவியிருக்கிறது. இது பெரும்பிழை. இதைத் திருத்தாமல் கதையை மேலே நகர்த்துவது முறையாகாது. காலண்டருக்குப் படம் வரைகிறவர்கள் குருவுக்கு வெண்தாடியும் சீடனுக்குக் குடுமியும் வைத்தே பழகிவிட்டதால் வந்த வினை இது. எந்தச் சிவன் கோயிலிலும் தென்சுவரைச் சற்று நின்று பார்த்தால் போதும். அங்கே மரத்தடியில் இருக்கும் குரு இளைஞர். காலடியில் உட்கார்ந்து கேட்கிறவர்கள்தாம் கிழவர்கள்.

ஏகாம்பரம் தம் குருவைவிட இருபது வயதாவது மூத்தவர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நிலம் யாருடையது என்று எழுதி எழுதியே கண்ணாடி தடித்துப் போனவர். இனிமேல் எதையும் தன்னுடையது என்று எண்ணக் கூடாது என்று தீர்மானித்து, பாலாற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய மடத்துக்கு வந்து சேர்ந்தார். வரும்போது ஓர் இரும்புப் பெட்டி கொண்டுவந்தார். அதற்குப் பூட்டு இரண்டு.

மடத்தின் தலைவியை எல்லோரும் மடத்தம்மா என்றுதான் அழைத்தார்கள். காவி கட்டுவதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை.

"அம்மா, பற்றை விடுவது எப்படி?" என்று வந்த அன்றே கேட்டார் ஏகாம்பரம்.

"வெயில் தாங்குமா உங்களுக்கு?"

"தாங்கும்."

"அப்போ நாளையிலிருந்து வீடு கட்டுற இடத்துக்குப் போங்க."

ஆற்றோரக் குடிசைகளில் ஒவ்வொரு வெள்ளத்திலும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிய பத்துக் குடும்பங்கள், மடத்துக்குச் சொந்தமான மேட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தன. நிலம் மடம் கொடுத்தது. சிமெண்டும் கம்பியும் மடம் திரட்டித் தந்தது. கூலிக்கு ஒரே ஒரு கொத்தனார். மண் வெட்டுவதும், கலவை போடுவதும், கல் சுமப்பதும் அந்தப் பத்துக் குடும்பங்களின் வேலை. தினமும் பிழைப்பை முடித்துக்கொண்டு வந்து கட்டினார்கள்.

ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. பத்து வீடும் முடியும்வரை எந்த வீடு யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. கடைசிச் சுவருக்கு வெள்ளை அடித்த பிறகு சீட்டு எடுப்பார்கள்.

பெயர் இல்லாத கட்டடத்தை ஏகாம்பரம் வாழ்நாளில் பார்த்ததில்லை. முதல் வாரம் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு அவர் அதில் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்தார். இவர்கள் யாருக்கென்று தெரியாமலே உழைக்கிறார்கள். பலனைக் கருதாத கர்மம் இதுதானே. தான் தேடி வந்தது இங்கே சிமெண்டில் நடக்கிறதென்று மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி மறுநாள் காலைவரை நீடித்தது. காலையில் இட்லிக் கடை பூங்காவனம் மூன்றாவது வீட்டின் முன்னால் நின்று கொத்தனாரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேஸ்திரி, சமையக்கட்டு ஜன்னல இத்துனூண்டு வச்சிருக்க? புகை எங்க போவும், என் கண்ணுக்குள்ளயா?"

"இது உன் வூடா?"

"இல்லன்னு நீ சொல்லு பாப்போம்."

கொத்தனாரால் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியவில்லை. பத்துச் சமையலறைக்கும் ஜன்னல் பெரிதாயிற்று.

இப்படித்தான் எல்லாம் நடந்தது. ஒருத்திக்கு அலமாரி வேண்டும் என்றால் பத்து வீட்டிலும் சண்டை. ஒருவனுக்கு வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்றால் பத்து வாசலுக்கும் வழக்கு. கட்டிய சுவரும் பூசிய பூச்சும் வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முறை வைத்தவர் யாருமில்லை. குடத்தோடு அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம், எது தனக்கு வரப்போகிறதோ என்று, ஒவ்வொரு சுவர் மேலும் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனார்கள். சுவர்கள் எப்போதும் குளித்து எழுந்த பிள்ளைகளைப் போல ஈரமாக இருந்தன.

கூரை போட்டு முடித்து, பூச்சு வேலையும் வாசல் படியும் தொடங்கிய சமயத்தில் துரைராசுவின் பேச்சு வந்தது.

துரைராசு பெயின்டராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் இரண்டு கால்களும் போயின. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டு போவார். காலையில் யார் துணையும் இல்லாமல் டீக்கடைக்குப் போய் வருவது ஒன்றுதான் அவர் தமக்கென்று வைத்திருந்த காரியம். குடிசை தரையோடு தரையாக இருந்ததால் அது நடந்தது. புது வீடுகளுக்கோ வெள்ளத்துக்குப் பயந்து மூன்று படி உயரம்.

அவர் மனைவி வள்ளிமயில் ஏகாம்பரத்திடம் வந்தாள்.

"சார், படி வச்ச வூடு எங்களுக்கு வந்தா அவரு உள்ளயே கெடக்கணும். எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு, தூக்க முடியாது. நாங்க ஆத்தங்கரையிலயே இருந்துக்கறோம். எங்க பேர எடுத்துடுங்க."

"மறுபடி வெள்ளம் வந்தால்?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஏகாம்பரம் கூட்டம் போட்டார். எல்லா வீட்டுக்கும் படிக்குப் பதில் வண்டி ஏறும்படி சரிவு வைத்தால் என்ன என்று கேட்டார்.

பூங்காவனம் எழுந்தாள். "படி இல்லாத வூடு இன்னா வூடு சார்? மாட்டுக் கொட்டாய். பொறந்ததிலேர்ந்து தரையிலதான் கெடந்தோம். இனிமேலாச்சும் நாலு பேரு எங்க வூட்டுக்கு ஏறி வரட்டும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். துரைராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியானால், மூலை வீட்டுக்கு மட்டும் சரிவு வைப்போம். அது துரைராசு வீடு. அதைச் சீட்டில் சேர்க்க வேண்டாம்" என்றார் ஏகாம்பரம்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தார் எதற்கும் உடனே ஒப்புக்கொண்டதில்லை. ஏகாம்பரம் அதைக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. மூலை வீட்டின் கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் துரைராசு என்று எழுதினார். பழகிய கை, எழுத்து அழகாக விழுந்தது. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

சரிவு எழுந்தது. துரைராசு அதில் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கி, மறுபடியும் ஏறினார். யாரும் தள்ளிவிடவில்லை.

அடுத்த வாரம் மூலை வீட்டுச் சுவரில் வெடிப்பு கண்டது. முதலில் தலைமுடி போல ஒன்று. பிறகு வலை போலப் பல. கொத்தனார் விரலால் தட்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"தண்ணி காணல சாரே. ஒரு சொட்டு காணல."

ஏகாம்பரம் பூங்காவனத்திடம் போனார். "இந்தச் சுவருக்கு ஏன் நீங்கள் யாரும் தண்ணீர் விடவில்லை?"

"அது அவங்க வூடாச்சே சார். அவங்க ஊத்திக்குவாங்கன்னு இருந்துட்டோம். அடுத்தவங்க வூட்டு செவுத்துல நாம கை வைக்கலாமா? தப்பா நெனைக்க மாட்டாங்க?"

அது நியாயமாக இருந்தது. வள்ளிமயிலிடம் போனார்.

"நீயாவது விட்டிருக்கலாமே அம்மா."

"ஒம்பது வூட்டுக்கும் ஊத்தினேன் சார். எங்க வூட்டுக்கு ஊத்த வெக்கமா இருந்துச்சி. பாத்தியா, தன் வூடுன்னதும் கொடத்தத் தூக்கிட்டான்னு பேசுவாங்க."

அதுவும் நியாயமாக இருந்தது. சுவர் மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஏகாம்பரம் மடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். "எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். தவறு யாருடையது என்று புரியவில்லை அம்மா."

மடத்தம்மா எழுந்து அவரோடு வந்தார். உதிர்ந்த சுவரைப் பார்த்தார். கதவு நிலையில் இருந்த பெயரைப் பார்த்தார். முந்தானையால் அதைத் துடைத்தார். பிறகு கொத்தனாரிடம் கடப்பாறை கேட்டார்.

சரிவின் மேல்முனையில் முதல் குத்து விழுந்தபோது கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. மடத்தம்மா நின்று நிதானமாக உடைத்தார். மூலை வீட்டின் வாசல் அந்தரத்தில் நின்றது.

துரைராசு பலகையை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லதாப் போச்சிம்மா. நான் குடிசையிலயே இருந்துக்கறேன். அங்க நானா வெளிய வர்றேன், நானா உள்ள போறேன்."

"சீட்டுல உங்க பேரும் இருக்கு" என்றார் மடத்தம்மா.

"படி வச்ச வூடு வந்தா?"

"எந்த வீடு வரும்னு எனக்குத் தெரியாதே."

கடப்பாறையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பினார். ஏகாம்பரம் பின்னாலேயே ஓடினார். அவர் குருவிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, அந்த மனிதருக்கு இருந்தது அந்த ஒரு வழி. அதையும் உடைத்துவிட்டீர்கள். இது என்ன நியாயம்?"

"நாளைக்குக் கேளுங்க" என்றார் மடத்தம்மா.

மறுநாள் காலை ஏகாம்பரம் கேட்பதற்காகவே சீக்கிரம் எழுந்தார். அதற்குள் கட்டட மேட்டிலிருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. அங்கே ஓடினார். மூன்றாவது வீட்டு வாசலில் பூங்காவனம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முந்தின வாரம் தானே கல் சுமந்து கட்டிய படிகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்கிறாய் நீ?"

"கண்ணு தெரியல சாருக்கு? படிய ஒடைக்கிறேன்."

"படி இல்லாத வீடு மாட்டுக் கொட்டகை என்றாயே?"

"சொன்னேன். யாரு இல்லன்னா?" கடப்பாறையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். "இந்த வூடு எனக்கு வந்தா சரி. அந்த மனுசனுக்கு வந்துச்சின்னா? தெனம் இந்தப் படியப் பாத்து, கட்டினவ நாசமாப் போவன்னு திட்டிக்கினே உள்ள கெடப்பாரு. எனக்கு எதுக்கு சார் அந்த வம்பு?"

அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். "ஏ பூங்காவனம், உன் கடப்பாறைய முடிச்சிட்டு இங்க குடு. இது மட்டும் அவருக்கு வராதுன்னு எவ எழுதிக் குடுத்தா?"

"வந்து வாங்கிக்கினு போ. கொண்டாந்து குடுக்க நான் என்ன உன் மருமகளா?"

புதிதாகச் செங்கல் வாங்க வழியில்லை. மூலை வீட்டையும் சேர்த்துப் பத்து வாசலிலும் உடைந்த படிகளின் கல்லையே கொட்டி, மண் நிரப்பி, மேலே கொஞ்சம் சிமெண்ட் பூசினார்கள். சரிவு எவ்வளவு சாய்வு இருக்க வேண்டும் என்பதில் இரண்டு நாள் சண்டை. துரைராசுவைப் பத்து வாசலிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஐந்தாவது வாசலில் பலகை சறுக்கியது. கட்டியதை உடைத்து மறுபடி கட்டினார்கள். மூலை வீட்டுக்கும் கொத்தனார் புதிதாகப் பூசினார். குடத்தோடு போகிறவர்கள் அதன் மேலும் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனார்கள்.

ஏகாம்பரம் மடத்துக்குத் திரும்பினார். மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பற்றை விடுவது எப்படி என்று கேட்டேன். நீங்கள் என்னை அங்கே அனுப்பினீர்கள்."

"ஆமா."

"இத்தனை மாதம் பார்த்துவிட்டேன். அங்கே ஒருவரும் எதையும் விடவில்லை. பூங்காவனம் பத்து ஜன்னலுக்கும் சண்டை போட்டாள். பத்துச் சுவரையும் தட்டிப் பார்க்கிறாள். மற்றவர்களும் அப்படித்தான். பற்றை விடுவதற்கு நான் அங்கே என்ன கற்றுக்கொள்வது? தன் வீட்டை விடுவதற்கு அங்கே ஒருவர் கூடத் தயாராக இல்லை."

மடத்தம்மா கீரையிலிருந்து தலையை உயர்த்தினார்.

"எந்த வீட்டை?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். ஜன்னல் வழியே மேட்டில் இருந்த பத்து வீடுகளும் தெரிந்தன. ஒன்றைக் காட்டக் கையை நீட்டினார்; கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினார்.

வெள்ளை அடித்து முடித்த அன்று சீட்டு எடுத்தார்கள். மூலை வீடு பூங்காவனத்துக்கு வந்தது. துரைராசுவுக்கு ஐந்தாவது வீடு. மறுநாள் காலை அவர் வழக்கம்போல டீக்கடைக்குப் போய் வந்தார்.

சரிவில் ஏறுவது ஆடுகளுக்கும் எளிது. தெருவில் திரியும் ஆடுகள் எந்த வீட்டுக்குள்ளும் தாராளமாக ஏறி வந்து, அரிசிப் பானைவரை போய்விடுவதாகப் புகார் எழுந்தது. பெண்கள் கூடிப் பேசி, வேறு வேலை இல்லாதவர் என்ற முறையில் ஏகாம்பரத்தின் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். தினமும் மாலையில் அவர் பத்து வீட்டுக்குள்ளும் போய் ஆடுகளை வெளியே ஓட்டிவிட்டு வருகிறார்.