ராமாத்தாள் தோட்டத்துக்குப் போன சேறு

நாச்சிமுத்து சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சாயப்பட்டறை நடத்திச் சம்பாதித்தவருக்குக் கடைசிக் காலத்தில் ஞானம் வேண்டுமாம் என்று ஊர் சிரித்தது. சிரித்ததில் நியாயம் இருந்தது.

பட்டறை ஓடிய காலத்தில், மழை பெய்யும் நாளாகப் பார்த்து, காதும் காதும் வைத்தாற்போலக் கழிவைத் திறந்துவிடுவார். அது ஊருக்குக் கீழே இருந்த குட்டையில் போய்த் தேங்கும். தண்ணீர் ஒரு நாள் சிவப்பு, மறுநாள் நீலம். குட்டையை ஒட்டி ராமாத்தாளின் கிணறு. முதலில் அவளுடைய எருமைகள் செத்தன. பிறகு அவள் மகன் சிறுநீரகம் கெட்டு, உடம்பெல்லாம் வீங்கிச் செத்தான். மருமகளும் கைக்குழந்தையாக இருந்த பேரனும் மிஞ்சினார்கள்.

பட்டறையை இழுத்து மூடி, கிணற்றுத் தண்ணீர் மெல்லக் குடிக்கும்படி ஆன பிறகும் ராமாத்தாள் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவாள். வருடக்கணக்கில் அப்படித்தான். அதைத் தாங்கமாட்டாமல்தான் அவர் குருவிடம் வந்து விழுந்தார்.

குருவை எல்லோரும் மோனத்தம்மா என்பார்கள். பேசாதவர் இல்லை, வார்த்தையை வீணாக்காதவர். ஊரை ஒட்டிய சிறு குன்றான கரட்டின்மேல் ஓர் ஓட்டு வீடு, நாலு கத்தரிச் செடி, ஓர் எலுமிச்சை மரம், பக்கத்தில் இலைக்குப்பைக் குழி. ஆசிரமம் என்பது அவ்வளவுதான்.

அன்று காலை நாச்சிமுத்து மூச்சிரைக்கக் கரடு ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தில் அது புதுசு.

"அம்மா, ராமாத்தா எனக்குத் தண்ணி குடுத்தாங்க!"

குரு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"நீங்க வெளியூர் போயிருந்தீங்கல்ல, அந்த நேரத்துல குட்டையைத் தூர் வாரிப்போட்டேனுங்க. சுத்தியும் புங்கமரம். இலை விழுந்து விழுந்து மக்கி, அடியில கருகருன்னு சேறு. அத்தனையும் அள்ளி அந்தம்மா தோட்டத்துல வண்டலாப் பரப்பிக் குடுத்தேன். கையில எடுத்துப் பாத்தாங்க. உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து நீட்டுனாங்க. பேரனுக்குப் புடிக்கும்னு இன்னைக்கு விடியறதுக்குள்ள கீரை வெதைச்சுட்டாங்க."

மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தூர் வாரறதுக்கு முந்தி குட்டைத் தண்ணியைப் பாத்தேனுங்க. கண்ணாடியாட்டம் தெளிஞ்சு கெடந்துச்சு. நான் விட்ட விசமெல்லாம் எங்கீங்கம்மா போச்சு? சாமியே மன்னிச்சு எடுத்துக்கிச்சுங்களா?"

குருவின் கை களையிலேயே நின்றது. பிறகு எழுந்தார். அடியில் ஓட்டை உள்ள ஒரு மண்தொட்டியை எடுத்து, இலைக்குப்பைக் குழியின் அடியிலிருந்து மக்கிய கறுப்பு மண்ணை அள்ளி அதில் நிரப்பினார். செடிக்குத் தெளிக்க வைத்திருந்த மயில்துத்தத்தைக் கொஞ்சம் எடுத்துச் சொம்புத் தண்ணீரில் கரைத்தார். தண்ணீர் பளிச்சென்று நீலமானது.

"இது என்னன்னு தெரியுதுங்களா?"

"தெரியாமயா? செம்பு உப்பு. பட்டறையில மூட்டை மூட்டையாக் கெடந்துச்சே."

தொட்டியைக் கல்மேல் வைத்து, கீழே ஒரு கிண்ணத்தை வைத்தார். நீலத் தண்ணீரை மெதுவாக மண்மேல் ஊற்றினார். கீழே சொட்டிய தண்ணீரில் நீலம் இல்லை. லேசான பழுப்புதான் இருந்தது.

அரிவாளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நுனியைக் கிண்ணத்தில் விட்டு எடுத்தார். இரும்பு இரும்பாகவே இருந்தது.

செம்பு கலந்த தண்ணீராக இருந்தால் இரும்பில் சிவப்பு ஏறும். சாயக்காரருக்கு அது தெரியும். நாச்சிமுத்து கைதட்டாத குறைதான்.

"பாத்தீங்களா! மண்ணு தின்னுருச்சு!"

"தின்னல. புடிச்சு வச்சிருக்குது."

குரு மரத்திலிருந்து எலுமிச்சம்பழங்களைப் பறித்து, அறுத்து, தொட்டி மண்மேல் பிழிந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தார். தண்ணீர் சொட்டும்வரை இருவரும் காத்திருந்தார்கள். இந்த முறை சொட்டிய தண்ணீரில் நீலம் பாய்ந்திருந்தது. அரிவாள் நுனியை அதில் ஊறவிட்டு எடுத்தார். நுனி சிவந்திருந்தது.

நாச்சிமுத்துவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"தோட்டத்துல யாருங்கம்மா எலுமிச்சம்பழம் புழியப் போறாங்க?"

"தண்ணிக்கடியில கெடந்த கருஞ்சேறு மேல வந்து காஞ்சா தானாப் புளிச்சுப்போகும், புடிச்சு வச்சதை விட்டுரும். அப்புறம் ஒரு மழை பேஞ்சாப் போதும். பாதி கெணத்துக்கு எறங்கும். மீதியை வேர் வாங்கிக்கும்."

காலையில் நாச்சிமுத்து ராமாத்தாள் தோட்டத்து வரப்பில் நின்றபோது ஒரு வாடை வந்தது. அழுகிய முட்டை நாற்றம், அதோடு லேசான புளிப்பு. நல்ல வண்டலின் வாடை என்று நினைத்து அவர் மூச்சை இழுத்து விட்டிருந்தார். அது எதன் வாடை என்று இப்போதுதான் புரிந்தது.

மேற்கே பார்த்தார். மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடி அள்ளிப்போடறனுங்க. ஆனா எங்க கொண்டுபோய்ப் போடறது? குட்டையில போட்டா தண்ணி கலங்கிப்போகும்."

"உங்க பட்டறைத் தொட்டி இடிஞ்சுபோச்சா?"

"இல்லீங்க. அப்படியே கெடக்குது."

"அதுல போடுங்க. மேல தண்ணி நிக்கட்டும். காய விட்டுறாதீங்க. இலை தழையாப் போட்டு மூடிக்கிட்டே இருங்க."

"எதுவரைக்குங்கம்மா?"

"நீங்க இருக்கற வரைக்கும்."

அவர் தலையை ஆட்டினார். அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எழப் போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரியோட ராத்திரியா ஆள் விட்டு அள்ளிரட்டுங்களா? காரணம் கேட்டா ஏதாவது சொல்லிக்கலாம்."

"கெணத்துத் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு யாரு சொல்றது? கையில ஒட்டுன சேத்தைக் கழுவுங்கன்னு யாரு சொல்றது?"

அந்தச் சொம்பு, அதை நீட்டிய கை, தன் முகத்தை நேராகப் பார்த்த அந்தக் கண்கள் எல்லாம் நாச்சிமுத்துவின் முன்னால் வந்து நின்றன. இனி அந்தக் கண்கள் தன்னைப் பார்க்காது. சாகும்வரை பார்க்காது.

"மகன் போன துக்கம் அந்தம்மாவுக்கு இப்பத்தான் அடங்கியிருக்குதுங்க. நான் போயி, உங்க மகனைக் கொன்னதையே அள்ளியாந்து உங்க தோட்டத்துல கொட்டிப்போட்டேன்னு எப்படீங்கம்மா சொல்லுவேன்? அடியில கெடக்கறதைக் கிளறக்கூடாதுன்னு நீங்கதானே இப்பக் காட்டுனீங்க? அந்தம்மா மனசும் அப்படியே கெடக்கட்டுமே."

குரு சிவந்த நுனியைத் துடைக்காமல் அரிவாளை அவர் கையில் கொடுத்தார்.

"அதான் ஏற்கெனவே மேல வந்துருச்சுங்களே. பேரனுக்கு வெதைச்ச கீரை எத்தனை நாள்ல முளைக்குமுங்க?" என்று கேட்டார்.