ராஜா கைய எடுத்தாலும் ஓடுற கார்

வேங்கைமலைய ஆண்ட குமணவர்மனுக்கு நாட்ட விட கார் ரேஸ் கேம்தான் உசிரு. அது அவரோட பாடுன்னு விட்டிருக்கலாம். ஆனா மனுஷன் சும்மா இருந்தாரா? கீழைநாட்டு ராஜாகிட்ட போயி பந்தயம் கட்டிட்டு வந்து நிக்கிறாரு.

"அடுத்த பௌர்ணமிக்கு ரெண்டு பேரும் கேம் ஆடுறோம். அவன் லேப்டாப்ல அவன், என் லேப்டாப்ல நான். தோத்தவன் எல்லை ஏரிய விட்டுக் கொடுத்துடணும்!"

ஏரி யாருது? ஊர் ஜனங்களோடது. வேங்கைமலையில பாதி வயலு அந்தத் தண்ணியிலதான் விளையுது. அத யாராவது கேட்டாங்களா? கேட்கல. சபையே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு.

செங்கமலம் மட்டும் தட்டல. சபையில வாய்க்குப் பூட்டே இல்லாத ஒரே ஆளு அவதான். ராஜாவ சிரிக்க வைக்கிறதுதான் அவ உத்தியோகம். அன்னைக்கு அவளுக்கே சிரிப்பு வரல.

மந்திரி வீரபாகு பெரிய பெட்டியோட ஓடி வந்தாரு. "மகாராஜா, கவலைய விடுங்க. என் மச்சான் கடையிலேருந்து கேமிங் லேப்டாப்பு!"

திறந்தாரு. கீபோர்டுல செவப்பு, பச்சை, ஊதான்னு லைட்டு ஓடுது. மூடியில டிராகன் படம். ஓரத்துல 'கேமிங்'னு ஸ்டிக்கர். அவ்வளவுதான், சபைக்கு மயக்கமே வந்துடுச்சு. லைட்டு எரிஞ்சா நல்ல லேப்டாப்பாம்! அப்போ தேர்த் திருவிழா சீரியல் லைட்டுலயும் கேம் ஆட வேண்டியதுதானே?

"மந்திரி, கேம் படத்த ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு என்ன போட்டிருக்கு?"ன்னா செங்கமலம்.

"அதெல்லாம் உள்ள நிறைய இருக்கும்மா."

"நிறையன்னா?"

"மச்சான் நெஞ்சுல கை வச்சு சொன்னான்."

"ராம் எத்தனை ஜிபி?"

"நல்ல ராம்."

"உங்க மச்சான் நெஞ்ச கழட்டிப் பாக்க வேணாம். லேப்டாப்ப கழட்டிப் பாக்கலாமா?"

"ஐயோ, கழட்டினா வாரண்டி போயிடும்!"

அதுக்குள்ள ராஜா உக்காந்து ஆட ஆரம்பிச்சுட்டாரு. திரையில ஒரு செவப்புக் கார் பறக்குது. ராஜா பத்து விரலாலயும் கீபோர்ட மாவு பிசையிற மாதிரி பிசையிறாரு. கார் வளைவுல வழுக்கிட்டுத் திரும்புது, முன்னாடி போறவன முந்துது, முதலா வந்து நிக்குது.

"அபாரம் மகாராஜா!"ன்னு சபை கத்துச்சு.

செங்கமலம் லேப்டாப் பக்கவாட்டுல காத்து வர்ற ஓட்டைக்கிட்ட கை வச்சுப் பாத்தா. ஜில்லுனு இருக்கு. இந்த மாதிரி கேம் ஓடுனா அந்த இடம் அடுப்பா கொதிக்கணும், உள்ள இருக்கற ஃபேன் ஊரக் கூட்டணும். இது தூங்குற குழந்தை மாதிரி கெடக்குது. மடப்பள்ளியிலேருந்து ஒரு உருண்டை வெண்ணெய் கொண்டு வரச் சொல்லி அங்க வச்சா. ராஜா இன்னொரு ரேஸும் ஜெயிச்சாரு. வெண்ணெய் வச்சது வச்ச மாதிரியே இருக்கு.

"பாத்தீங்களா மகாராஜா, எவ்வளவு குளுமை! சூடே ஆகாது!"ன்னு மந்திரி துள்ளுறாரு.

"செங்கமலம், இப்போ என்ன சொல்ற?"ன்னு ராஜா மீசைய முறுக்கினாரு.

"ஒரே ஒரு ஆசை மகாராஜா. ஒரு தடவை தோத்துக் காட்டுங்க."



"தோக்கணுமா? நானா?" ராஜா யோசிச்சாரு. நெஜமாவே யோசிச்சாரு. "அது எப்படிப் பண்றது?"

பாவம், தெரியாது. தாயக்கட்டையிலேருந்து சேவச்சண்ட வரைக்கும் அந்த அரண்மனையில அவர யாரும் தோக்க விட்டதே இல்ல. எதிர்ச்சேவலுக்குக் கால கட்டிட்டுதான் களத்துலயே இறக்குவாங்க.

"ரொம்ப சுலபம். ரெண்டு கையயும் மேல தூக்குங்க. கார் போயி செவுத்துல முட்டும்."

ராஜா ரெண்டு கையயும் தூக்கினாரு. கார் ஓடுது. வளைவுல வழுக்கிட்டுத் திரும்புது. முன்னாடி போறவன முந்துது. முதலா வந்து நிக்குது.

"அபாரம் மகாராஜா! என்னா விரலு, என்னா வேகம்!"ன்னு மந்திரி பழக்க தோஷத்துல கை தட்டிட்டாரு. அவர் பின்னாடி சபை மொத்தமும் தட்டுச்சு.

ராஜா தூக்கின கைய இறக்கவே இல்ல. தன் கைய ஒரு தடவை பாத்தாரு. மந்திரிய ஒரு தடவை பாத்தாரு. கை தட்டல் ஒவ்வொண்ணா நின்னுச்சு.

செங்கமலம் ஒரு பட்டனத் தட்டுனா. படம் சின்னதாச்சு. கீழ வீடியோ ஓடுற கோடு தெரிஞ்சுது. மச்சான் யாரோ ஆடுன ரேஸப் பதிவு பண்ணி, திரை முழுக்க ஓட விட்டிருக்கான்! செங்கமலம் நெஜ கேமத் திறந்து காட்டுனா. கார் ஒரு அடி நகருது, நின்னு யோசிக்குது, இன்னொரு அடி நகருது. பக்கத்துல மாட்டு வண்டி இருந்திருந்தா முந்திட்டுப் போயிருக்கும்.

"அப்போ இதுல கிராபிக்ஸ் கார்டே இல்லயா?"

"தனியா எதுவும் இல்ல மகாராஜா. கணக்கு எழுதலாம், படம் பாக்கலாம். இத நம்பி ஏரிய வைக்க முடியாது."

"பின்ன உள்ள என்னதான் இருக்கு?"

"ஒரு மந்திரி இருக்காரு மகாராஜா. நீங்க என்ன பண்ணாலும், பண்ணாட்டியும், ஜெயிச்சது நீங்கதான்னு காட்டுவாரு."

ராஜா வயித்தப் பிடிச்சுட்டு சிரிச்சாரு. மந்திரியும் சேர்ந்து சிரிச்சாரு, அது யாரப் பத்தின சிரிப்புன்னு தெரியாமலே.

"பெட்டியத் தூக்கிட்டு உன் மச்சான்கிட்டயே போ! செங்கமலம், நல்ல லேப்டாப்ப நீயே பாத்து வாங்கு. பரிசா என்ன வேணும், கேளு."

"பௌர்ணமி வரைக்கும் தினமும் நான் உங்க கூட ஆடணும். உங்கள தோக்கடிச்சா என் தலைய யாரும் எடுக்கக் கூடாது."

ராஜா சரின்னாரு.

கேம்ல அவகிட்ட செம அடி வாங்கினாரு மனுஷன். அழுதாரு, மவுஸத் தூக்கி எறிஞ்சாரு, திரும்ப வந்து உக்காந்தாரு. பௌர்ணமி அன்னைக்குக் கீழைநாட்டு ராஜாவும் வந்தாரு, கூடவே கலர் லைட்டு எரியிற ஒரு லேப்டாப்பும் வந்துச்சு. முதல் வளைவுலயே அந்த ராஜாவோட கார் அப்படியே ஒறஞ்சு நின்னுடுச்சு. ஏரி தப்பிச்சுது.

அவர் ஊர்லயும் மந்திரிங்க இருக்காங்கல்ல!