தவிடு அரைத்த மில்

கோமதிநாயகத்துக்கு அறுபத்தாறு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மங்களேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு. மகள் வயசுப் பொம்பளை முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று பழகியவர்கள் கேலி பேசத்தான் செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை காட்டியவர், ஓய்வு பெற்றபின் மனசு ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்ததால்தான் அங்கே போனார்.

மங்களேஸ்வரி லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். உபதேசம் என்று எதுவும் கிடையாது. கேட்டால் பதில் சொல்வார், சில நாள் அதுவும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் காலையில் வந்த கோமதிநாயகம் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, சத்தத்தை நிறுத்த ஒரு வழி சொல்லுங்க."

"எந்தச் சத்தம்?"

"வீட்டுக்குக் கீழ மாவு மில்லு. அவளுக்குக் கண்ணை மூட முடியலை."

அவள் என்றது அவர் மனைவி உலகம்மாளை. வயிற்றில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் வந்து ஊசி போடப் பக்கமாக இருக்கட்டும் என்று கோமதிநாயகம் ஊருக்கு நடுவில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வீடு பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு அன்று லீவு. தண்ணீர் வசதி, காற்று வசதி எல்லாம் சொன்ன வீட்டுக்காரர் இதை மட்டும் சொல்லவில்லை. ஊரையே அளந்த மனுஷருக்கும் கீழே பூட்டிக் கிடந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்ததும் அலமாரியில் இருந்த டம்ளர்கள் நடுங்கின.

"எப்ப எப்ப ஓடும்?" என்று கேட்டார் மங்களேஸ்வரி.

"பத்துலேருந்து ஒண்ணு. அப்புறம் மூணுலேருந்து அஞ்சரை. ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாள் தப்பாது."

"அந்நேரம் நீங்க எங்க இருப்பீங்க?"

"லைப்ரரியில. போகமாட்டேன்னுதான் சொல்வேன். அவதான் விடமாட்டா. இந்தச் சத்தத்துல நீங்களும் எதுக்குக் கிடந்து சாகணும், போயிட்டு வாங்கன்னு விரட்டுவா."

"லைப்ரரியில என்ன படிப்பீங்க?"

"பேப்பர்தான்."

"நேத்து பேப்பர்ல என்ன போட்டிருந்தான்?"

கோமதிநாயகம் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தன்னைச் சோதிக்கிறார் என்று எரிச்சல் வந்தது.

"சரி, நாளைக்கு நான் வந்து அவங்களைப் பாக்கேன்" என்றார் மங்களேஸ்வரி.

சொன்னபடி மறுநாள் பதினொரு மணிக்குப் போனார். அப்போது கோமதிநாயகம் லைப்ரரியில் இருந்தார். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக லாரி ஷெட்டுக்கு வந்தார்.

"பார்த்தீங்களா? காது கொடுக்க முடியுதா?"

"சத்தம் இருந்துட்டுப் போகட்டும் ஐயா."

"என்னம்மா சொல்லுதீங்க?"

"இருக்கட்டும். நாளைக்கு வேணும்னா நீங்க லைப்ரரிக்குப் போகாம வீட்டுல இருந்து பாருங்க."

முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. பொறுத்துக்கொள் என்கிறார்கள், படுக்கையில் கிடப்பது இவர்கள் வீட்டு ஆளா என்று உள்ளுக்குள் கொதித்தபடி எழுந்து போனார். அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் பழைய சர்வேயர் விழித்துக்கொண்டார். டேப்பை எடுத்தார். மில் மோட்டார் நிற்கும் மேடை பொது நடைபாதைக்குள் இரண்டடி தள்ளிக் கட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். வரைபடம் போட்டு, எந்த மேஜைக்கு எந்த மனு போகவேண்டும் என்று தெரிந்தவராக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்து மில்லுக்குச் சீல் வைத்தார்கள். வேலை பார்த்த முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு திருப்தி அவருக்கு வந்ததில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி ஆயிற்று. தரை அதிரவில்லை. கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"மில்லு ஏன் ஓடலை?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"இனி ஓடாது. நான்தான் நிறுத்த வச்சேன். உனக்காகத்தான்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"லைப்ரரிக்குப் போகலையா?"

"இனி எதுக்கு?"

"போயிட்டு வாங்களேன்."

"போகலை. உன் பக்கத்துலதான் இருக்கப் போறேன்."

அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் இறங்கிப் போனார்.

மில்காரர் சேர்மக்கனி, ஆபீஸிலிருந்து வந்த ஆள் பக்கத்தில் நிற்க, சல்லடைகளையும் தகர டின்களையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்த கோமதிநாயகத்துக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே" என்றார் சேர்மக்கனி. "அம்மா ஓட்டச் சொன்னதாலதானே ஓட்டினேன்."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். நான் மேல வந்து கஞ்சி மாவு கொடுத்தப்ப சொன்னாங்க. அரைக்க ஆள் வராத நாள்லயும் பத்து மணிக்கு டாண்ணு மெஷினைப் போட்டுடுப்பா, வீடு வெறிச்சுன்னு இருக்குன்னாங்க. வெறுங்கல்லை ஓட்டினா கல்லு ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னு போடும் ஐயா. அதனால ஆள் வராத நாள்ல தவிட்டைப் போட்டு ஓட்டினேன். அரைச்ச தவிட்டையே திரும்பத் திரும்ப அரைச்சிருக்கேன்."

கோமதிநாயகத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படியேறி வந்தார். செருப்பைக் கீழேயே விட்டிருந்ததால் அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

உலகம்மாள் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. கால் இரண்டும் படுக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தன. துண்டையும் மீறி ஒரு சத்தம் வந்தது. நாற்பத்தோரு வருஷம் கூடவே இருந்த மனுஷிக்குள் அப்படி ஒரு சத்தம் உண்டு என்று அவருக்குத் தெரியாது.

அவரைப் பார்த்ததும் துண்டை உருவித் தலையணைக்கடியில் தள்ளினாள்.

"ஒண்ணுமில்லை, வேர்த்துச்சு" என்றாள்.

மத்தியானம் டாக்டர் வந்து ஊசி போட்டார். மூன்று மணி வரைக்கும் வலி தெரியாது என்றார். அவள் அயர்ந்ததும் கோமதிநாயகம் துண்டை எடுத்துப் பார்த்தார். பல் பட்ட இடங்களில் ஓட்டை விழுந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு லாரி ஷெட்டுக்கு வந்தார். துண்டை மங்களேஸ்வரியின் முன்னால் வைத்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் ஐயா. அன்னைக்கு நான் போனப்ப மில்லு ஓடிட்டிருந்துச்சு. அவங்க வாய்விட்டுக் கத்திக்கிட்டிருந்தாங்க. பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும், மூணுலேருந்து அஞ்சரை வரைக்கும் கத்தித் தீர்த்துக்கிட்டா மிச்ச நேரம் உங்க முன்னால சிரிச்ச முகமா இருந்துடலாம்னு சொன்னாங்க."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. சத்தியம் பெரிசா, உங்க வேதனை பெரிசான்னு மூணு வாரமா எனக்கும் தூக்கமில்லை."

கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்தார்.

"நானே மனு எழுதுதேன். சீலை எடுக்கச் சொல்லுதேன்."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசம்."

"டாக்டர் அவங்களுக்கு எத்தனை நாள் சொன்னாரு?"

அவர் துண்டில் விழுந்திருந்த ஓட்டைகளை விரலால் தடவினார். ஷெட்டில் யாரோ லாரியைக் கிளப்பினார்கள். அது தெருவுக்குப் போனதும் கோமதிநாயகம் நிமிர்ந்தார்.

"நான் இருந்தா அவ வாயைத் திறக்க மாட்டேங்கா. நான் வெளிய போனாலும் இனி கத்த மாட்டா, தெருவுக்கே கேக்கும். நான் என்னதான் செய்ய?"

"லைப்ரரியில நீங்க என்ன படிச்சீங்க ஐயா?"

இந்தத் தடவை அவருக்கு எரிச்சல் வரவில்லை.

"ஒரு வரி படிச்சதில்லை அம்மா. பேப்பரை முகத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு அழுவேன். அவ முன்னால அழக்கூடாதுன்னு அங்க போயி அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வருவேன்."

மங்களேஸ்வரி துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"மூணு மணி ஆகப் போகுது, கிளம்புங்க. அங்க அழுததை இனி அவங்க பக்கத்துல உக்காந்து அழுங்க."