மல்லியும் பனை நிழலும்

ஓணாங்காட்டுவலசில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. ஆளுக்கு ஆள் மூட்டை மூட்டையாக வைத்திருந்தார்கள். எடுத்துச் செலவழிக்கத்தான் ஒருவருக்கும் மனசு வராது.

அந்த ஊரில் செங்கோடன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு உயிர் என்றால் அது மல்லி என்கிற அவனுடைய சிந்து மாடுதான். தாயில்லாக் கன்றாக வந்த மல்லியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் அவன். பெண்டாட்டி கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத் திரும்புவான். மல்லி மூச்சுவிட்டாலே எழுந்து ஓடுவான்.

அந்த மல்லிக்குச் சினை நிற்கவில்லை. எத்தனையோ தடவை ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. மடியும் வற்றிப்போனது. செங்கோடனின் மனைவி பாவாயாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, இன்னொருக்கா சொல்லமாட்டேன். ஆடிச் சந்தைக்குள்ள சினை நின்னா சரி. இல்லீன்னா யாவாரி கையில கவுத்தைக் குடுத்துப்போடுவேன்."

வற்றிய மாடு வியாபாரி கையிலிருந்து எங்கே போகும் என்பது செங்கோடனுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தான். அப்போது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

டாக்டர் தோள்வரைக்கும் உறை மாட்டி மல்லியைச் சோதித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"இது வெயில் பண்ற வேலை, செங்கோடா. சூடு தாங்காம மாட்டு உடம்புக்குள்ள துருப் பிடிக்குதுன்னு வெச்சுக்க. அந்தத் துரு கருமுட்டையைக் கெடுத்துருது. அதான் சினை நிக்கல. மாட்டை எந்நேரமும் நிழல்ல வை. அதுக்கு முன்னால எப்பவும் பச்சைத்தீவனம் இருக்கணும். அதட்டாதே, மிரட்டாதே. பருவத்துக்கு வந்து கத்துச்சுன்னா உடனே என்னை வந்து பாரு."

செங்கோடன் ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டான். அவனுடைய மச்சான் நஞ்சப்பனும் பக்கத்தில் நின்று கேட்டான். நஞ்சப்பனுக்குத் தொந்தி பெரிது, மனசும் பெரிது. மூன்றாவதாக நின்றவன் பங்காளி கொளந்தசாமி. அவன் ஒரு தடவை திருப்பூர் வரைக்கும் போய் வழிதவறாமல் திரும்பி வந்தவன். அதனால் ஊரில் எந்த யோசனைக்கும் அவனைத்தான் கேட்பார்கள்.

டாக்டர் போனதும் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"துருன்னா இரும்புலதான வரோணும்? என்ற மாட்டுக்குள்ள ஏதப்பா இரும்பு?" என்றான் செங்கோடன் கவலையோடு.

"இருக்குதா இல்லியான்னு காந்தத்தைக் கேட்டாச் சொல்லிப்போடுது" என்றான் கொளந்தசாமி.

ஓட்டை ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்தார்கள். வாலில் வைத்தார்கள், ஒட்டவில்லை. வயிற்றில் வைத்தார்கள், ஒட்டவில்லை. கழுத்துக்குக் கொண்டுபோனதும் சங்கிலியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா! துரு கழுத்துல நிக்குது. இன்னும் கீழ எறங்கல. நல்ல நேரம்!" என்றான் நஞ்சப்பன்.

சங்கிலியைக் கழற்றினார்கள். திரும்பவும் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. சுகமாகிவிட்டது என்று செங்கோடனுக்குக் கண்ணே கலங்கியது. சங்கிலியை மட்டும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டார்கள்.

அடுத்தது நிழல். மாடு கட்டும் கட்டுத்தரைக்கு மேலே தகரக் கூரை இருந்தது. கொளந்தசாமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "பூராம் துரு. இங்கிருந்துதான் மாட்டுக்கு ஒட்டியிருக்குது. வெளிய கொண்டு போங்க" என்று முடிவு சொன்னான். தோட்டத்தில் வேறு மரம் கிடையாது, ஒற்றைப் பனைமரம்தான். அதன் தலை நிழல் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்துகிடந்தது. மல்லியைக் கொண்டுபோய் அதற்குள் நிறுத்தினார்கள். சிரமப்பட்டாலும் முக்கால் மாடு அடங்கியது.

பச்சைத்தீவனம் முன்னால் இருக்க வேண்டும் அல்லவா? நஞ்சப்பன் ஒரு கட்டு சோளப்பயிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லிக்கு முன்னால் நின்றான். மல்லி எட்டி ஒரு வாய் கடிக்கப் பார்த்தது. நஞ்சப்பன் சட்டென்று பின்வாங்கினான்.

"ஏன் மச்சா, தின்னாத் தின்னுட்டுப் போகுது" என்றான் செங்கோடன்.

"தின்னுபோட்டா அப்பறம் முன்னால என்ன இருக்கும்? டாக்டரு எப்பவும் இருக்கோணும்னு சொன்னாரு" என்றான் நஞ்சப்பன்.

செங்கோடன் தலையாட்டிவிட்டு மல்லியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்துவிட்டது. மல்லி வெயிலில் நின்றது. நிழல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நஞ்சப்பன் பயிர்க்கட்டோடு நகர்ந்தான். பயிரைப் பார்த்து மல்லி நகர்ந்தது. மல்லியைப் பார்த்துச் செங்கோடன் நகர்ந்தான். கொளந்தசாமி நிழலின் ஓரத்தில் குந்திக்கொண்டு, "இன்னுஞ் சித்த வடக்கால... வாலு வெளிய தெரியுது பாரு" என்று வழிகாட்டினான். எல்லாம் ரகசியக் குரலில்தான். அதட்டக் கூடாதே!

பொழுது விழுந்ததும் நிழலே இருக்காது, முன்னால் இருப்பது கண்ணுக்கும் தெரியாது. ஆகவே நஞ்சப்பன் கட்டைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். விடிவதற்குள் மல்லி அதைத் தின்று தீர்த்திருக்கும். இப்படியே தினமும் நடந்தது. மல்லியின் தோலில் மினுமினுப்பு வந்தது. நஞ்சப்பன் வேர்த்து வேர்த்துக் கறுத்துப்போனான்.

ஒரு நாள் மத்தியானம் மல்லி கத்தியது. வாலைத் தூக்கிக்கொண்டு, நிற்க முடியாமல் தவித்துக் கத்தியது. செங்கோடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். டாக்டர் உள்ளே ஒரு ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் நன்றாகப் பார்த்தான்.

"என்னப்பா செங்கோடா?" என்றார் டாக்டர் நிமிர்ந்து.

"ஒண்ணுமில்லீங்க. உங்களைப் பாக்கோணும்னு வந்தேன். பாத்துட்டேனுங்க. வரட்டுங்களா?"

இந்தக் காலத்தில் இப்படியும் பிரியமான மனுஷனா என்று டாக்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. செங்கோடனும் சொன்ன வேலையைக் குறையில்லாமல் செய்த நிம்மதியோடு திரும்பினான்.

தோட்டத்துக்கு வந்து பார்த்தால் மாட்டையும் காணோம், ஆட்களையும் காணோம். சாயங்கால வெயிலில் பனை நிழல் நீண்டு நீண்டு கிளுவை வேலியைத் தாண்டிப் பக்கத்து மேய்ச்சல் காட்டுக்குள் போயிருந்தது. அது பூச்சிக்காளை மேயும் காடு. சுற்றுவட்டாரத்துப் பசுக்களைச் சினைக்குச் சேர்க்க வளர்த்த முரட்டுக் காளை அது. செங்கோடன் வேலிக் கடவைத் திறந்துகொண்டு ஓடினான். நஞ்சப்பனும் கொளந்தசாமியும் மல்லியை அந்தக் காட்டுக்குள் நிழலில் பத்திரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"அடுத்தவிய காட்டுக்குள்ள வந்துட்டீங்களேப்பா!" என்றான் செங்கோடன்.

"காடு அவியளுது. நிழலு நம்முளுது" என்றான் கொளந்தசாமி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அப்போது பூச்சிக்காளை மூக்கை உயர்த்திக்கொண்டு நேரே இவர்களை நோக்கி வந்தது. மல்லி அசையாமல் நின்றது.

"வந்துட்டான் பாரு, ஓசி நிழலுக்கு!" என்று நஞ்சப்பன் பல்லைக் கடித்தான்.

"அய்யய்யோ, எடம் பத்தாம மாட்டு மேலயே ஏறுது!" என்று கொளந்தசாமி பதறினான்.

செங்கோடனுக்கும் ஆத்திரம் பொங்கியது. ஆனால் மல்லிக்கு முன்னால் அதட்டக் கூடாது. மூன்று பேரும் காளையின் காதருகே போய், "போ சாமி, போ... இது எங்க மரத்து நிழலு" என்று மெதுவாக மன்றாடினார்கள். காளை வந்த வேலையை முடித்துக்கொண்டு அதுபாட்டுக்கு இறங்கிப் போனது.

"நல்ல வார்த்தைக்குக் கட்டுப்படுது பாரு" என்றான் செங்கோடன்.

ஆடி பிறந்தது. சந்தைக்கு முந்தின நாள் வியாபாரி வந்து வாசலில் நின்றான். பாவாயாள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள். செங்கோடன் மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று அவளே டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். டாக்டர் தோள்வரைக்கும் உறை மாட்டிச் சோதித்தார். முகம் மலர்ந்தது.

"சினை நிக்குதும்மா! மாட்டைக் குடுத்துறாதே."

பாவாயாள் கயிற்றைப் போட்டுவிட்டு மல்லிக்குத் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் எடுத்துவர வீட்டுக்குள் ஓடினாள். வியாபாரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். செங்கோடன் சந்தோஷத்தில் மல்லியின் கழுத்தை மறுபடியும் கட்டிக்கொண்டான்.

"எந்தக் காளைக்குச் சேர்த்தே?" என்று கேட்டார் டாக்டர்.

"காளையா? கிட்டவே சேக்கலீங்க. ஒண்ணு நிழலுக்கு வந்துச்சு. சொல்லித் தாட்டியுட்டோம்."

"ஊசி?"

"அதும் இல்லீங்க."

"பின்னே எப்படிய்யா சினையாச்சு?"

"நீங்க சொன்னபடிதானுங்க. பனைமரத்து நிழல்ல நிறுத்துனோம். வேற ஒண்ணுமே பண்ணல."

டாக்டர் பனைமரத்தைப் பார்த்தார், மல்லியைப் பார்த்தார், வேலிக்கு அப்பால் அசைபோட்டுக்கொண்டிருந்த காளையையும் பார்த்தார். உறையைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க சாமி!" என்று ஒரு அலறல். நஞ்சப்பன் வெளிறிப்போய், தொந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சித்திரை பூராம் நானும் அந்த நிழல்லதானுங்க நின்னேன். கொஞ்ச நாளாப் புளிப்பு மாங்காயாத் தின்னோணும்போல இருக்குது. என்னையும் ஒருக்காப் பாத்துருங்க!"

சொல்லிவிட்டு மல்லிக்குப் பக்கத்தில் போய் அதைப்போலவே குனிந்து நின்றான். கொளந்தசாமி ஒரு நிமிஷம் யோசித்தான். நிழல் ஓரத்தில் குந்தியிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவனும் போய் நின்றான். செங்கோடன் வீட்டுப் பக்கம் திரும்பி, பாவாயாள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டான். பிறகு வெட்கத்தோடு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் கடைசியாகப் போய்க் குனிந்தான்.