சந்துமுக்கு ஸ்டேஷன்

முதலில் ஹாரன் சத்தம்தான் கேட்டது. ஒரு நீளம், ஒரு குட்டை. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொன்று. ரயிலே வராத அந்தச் சந்துக்குள் இரண்டு ரயில்கள் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தன.

தெருமுனையிலேயே நாச்சிமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு செருப்பைக் கழற்றி, ஒன்றைக் கழற்றாமல் மெஸ்ஸுக்குள் நுழைந்தார்.

"மறுபடியும் நின்னுடுச்சா அம்மணி?"

"நீங்க தூங்கப் போன கொஞ்ச நேரத்துலயே நின்னுடுச்சுங்ணா" என்றாள் அமிர்தவல்லி. "அப்ப இருந்து ஊதிட்டே கெடக்குது. சாப்பிட வந்தவங்க எல்லாம் ரயில் கேட் போட்டாச்சான்னு கேட்டுட்டுப் போறாங்க."

மெஸ்ஸின் மூலையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், அவளுடைய கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் ஒரு மலை. மலை நடுவே சின்ன ஸ்டேஷன் ஒன்று. அதில் மேலே போகிற வண்டியும் கீழே வருகிற வண்டியும் நகராமல் நின்றன. அவற்றுக்குப் பின்னால் வேறு வண்டிகள் வந்து வரிசை கட்டியிருந்தன.

நாச்சிமுத்து மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். இந்த ரயில் விளையாட்டை யாரிடமும் போய்க் கற்கவில்லை. தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார். ஆனால் வண்டி நின்றுபோனால் அமிர்தவல்லியிடம்தான் வருவார். அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். அந்த வட்டாரத்தில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்களெல்லாம் சிக்கிய வண்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் மெஸ்ஸுக்குத்தான் வருவார்கள். அவளை அவர் குரு என்றே சொல்லிவந்தார்.

"குருவே, இன்னைக்கு நீங்கதான் கதி."

"குருன்னு சொன்னா ரசம் கெடையாதுன்னு சொல்லியிருக்கேன்."

அவள் திரையில் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். ஹாரன்கள் அடங்கின. முறத்தில் குவித்திருந்த சின்ன வெங்காயத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ராத்திரி டிபனுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"உரிச்சுட்டே சொல்லுங்க."

அவர் உரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த விளையாட்டில் ஆடுகிறவர்களே மலையும் ஊரும் தண்டவாளமும் வரைந்து, விதியும் எழுதி, மற்றவர்களுக்கு ஆடக் கொடுக்கலாம். அதை மேப் என்பார்கள். இந்த மேப்பை வரைந்தவள் நாச்சிமுத்துவின் மகள் தாரணி. ஓசூரில் வேலை பார்க்கிறாள். மலை உச்சியில் ஓர் ஊர். அடிவாரத்தில் அரிசிக் கிடங்கு. நடுவில் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு மழைக்காலம் முடியும்வரை உச்சி ஊரில் அரிசி தீரக்கூடாது. தீர்ந்தால் சனங்கள் ஊரைக் காலி பண்ணிவிடுவார்கள், ஆட்டம் முடிந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் இந்த ஆட்டம் ஆடறவங்க குரூப்புல இதை எல்லாரும் பார்க்கறாங்க. வரைஞ்சவங்க இல்லாம இன்னொருத்தர் ஒரு தடவையாச்சும் ஆடி முடிச்சிருக்கோணும். அப்பத்தான் சேர்த்துக்குவாங்க. அந்தப் புள்ள என்னைத் தவிர யாருகிட்டயும் குடுக்கல."

"முடிச்சுட்டேன்னு சொல்லிடுங்க. யாரு பார்த்தா?"

"அந்தப் புள்ள பார்க்குமே" என்றார் நாச்சிமுத்து.

போனை எடுத்துக் காட்டினார். மகளுக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்திருந்தார். 'மேப்புல கோளாறு இருக்குது கண்ணு. வாபஸ் வாங்கிக்க.'

"அனுப்பலையா?"

"உங்களைக் கேட்டுட்டு அனுப்பலாம்னு."

அமிர்தவல்லி ஒரு வெங்காயத்தை உரித்துப் போட்டாள்.

"என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?"

"ஒரு வண்டி சேர்த்து விட்டேன்."

"சரி."

"சிக்னலை எல்லாம் பிடுங்கி வேற எடத்துல நட்டேன்."

"சரி."

"வண்டிக்கு எஞ்சினை ரெண்டாக்கினேன்."

"ஊதறதுக்கு ஒரு ஆளு சேர்ந்துச்சு."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மரகதம் சிரிப்பது கேட்டது. மெஸ்ஸில் பரிமாறுவதும் அவள்தான். நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"எல்லா வண்டியும் இந்த ஒரு ஸ்டேஷன்லதான் அம்மணி சாகுது. ஒத்தை லைன்ல எதிரும் புதிரும் வர்ற வண்டி ஒண்ணையொண்ணு தாண்டறதுக்கு இங்க மட்டுந்தான் ரெட்டைத் தண்டவாளம். அதையும் ஒரு முழத்துக்குக் குட்டையா வெச்சிருக்குது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நீட்டவே விடாது."

"ஸ்டேஷன் பேரு என்ன?"

"சந்துமுக்கு."

"அப்படி ஒரு பேரா?"

"எங்க வீட்டுச் சந்து முக்குத்தான். நான் ஷிப்ட் முடிஞ்சு வருவேன், தாரணி சைக்கிள்ல பள்ளிக்கூடம் போகும். பகலெல்லாம் நான் தூங்குவேன். அது வர்றப்ப நான் கிளம்பியிருப்பேன். அப்ப அந்த முக்குலதான் பார்த்துக்கறது."

"பார்த்து?"

"என்ன பார்த்து. சந்து குறுகல். நான் செவுத்தோட ஒட்டி நிப்பேன். அது மணியடிச்சுட்டுப் போயிடும்."

அமிர்தவல்லி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "முதல் மழைக்காலம் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"வழுக்கிட்டுப் போச்சு. ஒரு வண்டி நிக்கல."

"அப்புறம்?"

"ரெண்டாவது மழைக்குச் சனம் பெருத்துப் போச்சு. அரிசி ஜாஸ்தி வேணும். எல்லா வண்டிலயும் பெட்டி சேர்த்தேன். மேல அரிசி கொண்டு போறதுலயும் சரி, கீழ காய்கறி கொண்டு வர்றதுலயும் சரி. ஒரு நடைல முடியற வேலைக்கு எதுக்கு ரெண்டு நடை?"

அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒரு ஒத்தாசை பண்ணுங்ணா. அந்தக் கால் ஆடற பெஞ்சைத் தூக்கிட்டுப் போயி பின்கட்டுல போட்டுடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருக்கும்போது பெஞ்சு எதற்கு என்று நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குரு சொல்லிவிட்டாள். தூக்கினார்.

அந்த மெஸ்ஸில் சாப்பாட்டு அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு நடை உண்டு. ஒரு ஆள் போகிற அகலம். நடுவில் கை கழுவும் தொட்டி இருந்த இடத்தில் மட்டும் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். சாம்பார் வாளியோடு வருகிறவர் 'வழி' என்று ஒரு குரல் கொடுப்பார். எதிரே வருகிறவர் அந்தத் தொட்டியோரம் ஒதுங்கிக்கொள்வார். மெஸ் திறந்த நாளிலிருந்து அங்கே அதுதான் முறை. யாரும் யார்மேலும் மோதியதில்லை.

நாச்சிமுத்து பெஞ்சை நீளவாக்கில் தூக்கிக்கொண்டு நடைக்குள் போனார். எதிரே மரகதம் வந்துகொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு பெஞ்சு. பின்கட்டிலிருந்து நல்ல பெஞ்சை முன்னால் கொண்டுவரச் சொல்லி அவளுக்கு உத்தரவாகியிருந்தது.

"வழி" என்றாள் மரகதம்.

நாச்சிமுத்து முறைப்படி தொட்டியோரம் ஒதுங்கினார். மரகதம் அவரைத் தாண்டி வந்தாள். இரண்டு எட்டுத்தான். அவர் பெஞ்சின் பின்பாதி நடையை அடைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றது.

"முன்னால போங்கண்ணா."

அவர் முன்னால் போகப் பார்த்தார். அவள் பெஞ்சின் பின்பாதி அவர் முன்னால் நின்றது.

"நீ போ சாமி."

"எங்க போறது? உங்க வால் இங்க கெடக்குது."

"உன்னுது இங்க கெடக்குது."

"அப்ப நீங்க பின்னால போங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு பின்னால் வந்து நின்றிருந்தார். அந்தப் பக்கம் மரகதத்துக்குப் பின்னால், சமையல் மாஸ்டர் கொதிக்கிற குண்டாவோடு 'வழி, வழி' என்று கத்திக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஒதுங்கிட்டனே" என்றார் நாச்சிமுத்து.

நடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் அமிர்தவல்லி.

"நீங்க ஒதுங்கிட்டீங்க" என்றாள்.

நாச்சிமுத்து பெஞ்சைப் பார்த்தார். தன் கையிலிருந்து அது முடிகிற இடம்வரைக்கும் பார்த்தார். பிறகு மரகதத்தின் பெஞ்சைப் பார்த்தார்.

"கேன்காரரே, கொஞ்சம் வெளிய போங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் கேன்காரர் தெருவுக்கே போய்விட்டார். நாச்சிமுத்து பின்னாலேயே நடந்து வெளியே வந்து, பெஞ்சைப் போட்ட இடம் தெரியாமல் போட்டுவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

இத்தனை நாளும் அவர் எஞ்சினை மட்டுமே பார்த்திருந்தார். எஞ்சின் சந்துமுக்கு ஸ்டேஷனுக்குள் ஒழுங்காக வந்து நின்றிருந்தது. இப்போது படத்தைக் கீழே நகர்த்தினார். அரிசி வண்டியின் கடைசிப் பெட்டிகள் ஸ்டேஷனுக்கு வெளியே, ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் கிடந்தன. மேலே நகர்த்தினார். காய்கறி வண்டியின் கடைசிப் பெட்டிகளும் அப்படியே.

"சேர்த்த பெட்டி அம்மணி. சேர்த்த பெட்டிதான்."

அவள் வெங்காயத்திடம் திரும்பிவிட்டாள்.

இரண்டாவது மழைக்கு முன்னால் சேமித்துவைத்த இடத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்ப எடுத்தார். இந்த முறை ஒரு பெட்டிகூடச் சேர்க்கவில்லை. பெட்டிக்குப் பதிலாக அதே குட்டை அளவில் இன்னொரு வண்டி விட்டார். திரையில் மழை இறங்கியது.

முதல் வண்டி சந்துமுக்குக்கு வந்தது. எதிரே காய்கறி வண்டி வந்தது. இது உள்ளே வந்து ஒதுங்க, அது ஒரு குட்டை ஹாரன் கொடுத்துவிட்டுத் தாண்டிப் போனது. இதுவும் கிளம்பி மேலே ஏறியது.

"போகுது" என்றார். "மரகதம், போகுது பாரு."

மரகதம் ஈரக் கையோடு வந்து நின்றாள். கேன்காரரும் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் குண்டாவை இறக்கிவிட்டு வந்தார்.

ஆனால் சின்ன வண்டியில் எவ்வளவு அரிசி போகும்? உச்சி ஊரின் இருப்பு இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கி இறங்கிக் கடைசி மூட்டைகளுக்கு வந்தது. எண் சிவப்பானது.

"ரெண்டே ரெண்டு பெட்டி சேர்த்துக்கட்டுங்களா?" நாச்சிமுத்துவின் விரல் பட்டன்மேல் இருந்தது. "ரெண்டே ரெண்டு."

அமிர்தவல்லி தலையைத் தூக்கவில்லை.

"பெஞ்சு வாசல்லதான் கெடக்குது" என்றாள்.

அவர் விரலை எடுத்துவிட்டார். எடுத்த கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வண்டி மேலே போய்ச் சேர்ந்தது. அது அரிசியை இறக்கி முடிப்பதற்குள் அடுத்தது சந்துமுக்கைத் தாண்டியது. அது சேர்வதற்குள் அதற்கடுத்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. சிவப்பு எண் அதே இடத்தில் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு ஏறத் தொடங்கியது. கேன்காரர், "ஏறுது, ஏறுது" என்று நாச்சிமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினார்; யாருடைய ஊர், என்ன அரிசி என்று அவருக்கு இன்னும் தெரியாது.

மழை நின்றது. உச்சி ஊரின் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஆட்டம் முடிந்தால் கேட்கவேண்டிய சத்தமாகத் தாரணி அதைத்தான் வைத்திருந்தாள்.

நாச்சிமுத்து தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவசரமாகப் போனை எடுத்தார். பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க ஆரம்பித்தார். பெஞ்சைப் பற்றி எழுதினார். பெட்டி சேர்த்ததை எழுதினார். சிவப்பு எண்ணை எழுதினார். பழைய ஷிப்ட், பள்ளிக்கூடம், பேசாமல் போன வருஷங்கள் என்று அது பாட்டுக்கு நீண்டது. விரல் நிற்கவே இல்லை.

அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை பெட்டிங்ணா?"

அவர் நிறுத்தினார். எழுதியதைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்தார்.

'முடிச்சுட்டேன் கண்ணு' என்று அடித்து அனுப்பினார்.

போனைத் தரையில் வைப்பதற்குள் பதில் வந்தது.

'சந்துமுக்குல நின்னுச்சாப்பா?'

'நின்னுச்சு. அப்புறம் போயிடுச்சு.'

'நாளைக்குக் காலைல ஷிப்ட் முடிஞ்சதும் கூப்பிடுங்க. நான் கிளம்பறதுக்கு முன்னாடி.'

அதைப் படித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெங்காயம்" என்றார் பொதுவாக.

கேன்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மரகதம் பாத்திரத்துக்குத் திரும்பினாள். வெயில் வாசலைவிட்டு இறங்கியிருந்தது.

"ஒண்ணு மட்டும் இன்னும் புரியல அம்மணி" என்றார் நாச்சிமுத்து. "அடிவாரத்துல அத்தனை நீளமா ஸ்டேஷன் வெச்சிருக்குது. உச்சிலயும் அப்படித்தான். வரையறது அந்தப் புள்ளதானே, பாறையை ஒரு பக்கம் தள்ளி வரைஞ்சா ஆச்சு. சந்துமுக்கை மட்டும் ஏன் அத்தனை குட்டையா வெச்சுது?"

அமிர்தவல்லி உரித்த வெங்காயத்தைப் பாத்திரத்தில் போட்டாள்.

"தெனமும் செவுத்தோட ஒட்டி நின்னீங்களே, அந்த எடம் எவ்வளவு நீளம் இருக்கும்ங்ணா?"

நாச்சிமுத்து இரண்டு கையையும் கொஞ்சமாக விரித்து அளந்து பார்த்தார். முறத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.